பேக்கரி அடுப்பில் புல்லட் ஹெட்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சி பாலக்கரையில் ஒரு புல்லட் இன்ஜினின் ஹெட்டைக் கழற்றினால் அது லேத்துக்குப் போவதற்கு முன் பேக்கரிக்குப் போகும். கோடை விடுமுறையில் நான் வேலை பழகிய பட்டறையில் அதுதான் வழக்கம். பட்டறைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, சலவைச் சோப்பு போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, சாக்கில் சுற்றி என் கையில் கொடுப்பார். இரண்டு தெரு தள்ளி இருந்த பேக்கரியில் மதியத்துப் பன் தட்டுகளை அதற்குள் வெளியே எடுத்திருப்பார்கள். விறகெரித்துத் தணலை வாரிவிட்ட செங்கல் அடுப்பு அது. ரொட்டி வெந்து போன பிறகும் சாயங்காலம் வரை சூடு அடங்காது. அந்தச் சூட்டுக்குள் ஹெட்டை வைப்போம். எண்ணெய் வாடை துளி இருந்தாலும் மறுநாள் ரொட்டியில் ஏறிவிடும். அதனால் பேக்கரிக்காரர் முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்.

இத்தனை பாடும் ஒரு சின்னக் குழாயை வெளியே எடுப்பதற்கு. வால்வு கைடு என்று பெயர். வார்ப்பிரும்பில் கடைந்தது, விரல் நீளம் இருக்காது. அலுமினிய ஹெட்டில் அதைவிட ஒரு மயிரிழை சிறிய துளைக்குள் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அந்த இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது; திருகோ ஒட்டுப்பசையோ கிடையாது. வால்வின் தண்டு அதற்குள் ஏறி இறங்குகிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் 1500 தடவை திறந்து மூடுகிறது. மேலிருந்து அழுத்தும் ராக்கரின் மூக்கு நேர்கோட்டில் இறங்குவதில்லை, வளைவாக இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு அழுத்தத்திலும் தண்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுகிறது. வருஷக்கணக்கில் இப்படித் தள்ளியதில் கைடின் உட்துளை வட்டம் கெட்டு நீள்வட்டமாகிறது, இரு முனையிலும் வாய் அகன்றுவிடுகிறது. இன்லெட் பக்கத்துக் கைடு தேய்ந்தால் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கும்போது எண்ணெய் அந்த இடைவெளியில் உறிஞ்சப்படும். மறுபடி முறுக்கியதும் பின்னால் நீலப் புகை கிளம்பும். எக்ஸாஸ்ட் பக்கத்துக் கைடு தேய்ந்தால் வால்வு சீட்டில் நேராக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், சூடு வடிய வழியில்லாமல் வால்வின் விளிம்பு கருகும்.

அடம் பிடிப்பது எக்ஸாஸ்ட் கைடுதான். எரிந்த வாயு அதன் கீழ்முனையை உரசிக்கொண்டே வெளியேறுகிறது. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய இன்ஜினில் அந்த முனைமேல் கரி கல்லாக இறுகியிருக்கும். குறட்டில் பிடித்து ஆட்டினால் ஆடாது, சுத்தியலால் தட்டினால் ஹெட்தான் அதிரும். அடித்தால் போகாதது இன்னும் பலமாக அடித்தால் போகும் என்று கை சொல்லும். பாயிடம் நான் முதலில் கற்றுக்கொண்டது அந்தக் கையை அடக்குவதைத்தான்.

அவர் சொல்வது இதுதான்: “கைடு செத்துப்போச்சு தம்பி, அதப் பத்திக் கவலப்படாத. ஓட்டை உசிரோட இருக்கு. அதுக்கு நோகாம எடு.”

தேய்ந்த பாகத்தைக் கழற்றும் வேலை என்று நாம் சொல்கிறோம். ஆனால் கழற்றியது குப்பைக்குப் போகிறது. அது இருந்த துளைதான் அடுத்த முப்பது வருஷத்துக்கு வேலை செய்யப்போகிறது. அந்தத் துளையில் ஒரு கீறல் விழுந்தால் புதுக் கைடு இறுகாது. இறுகாத கைடின் சூடு ஹெட்டுக்கு இறங்காது. எண்ணெய் உட்துளை வழியாக மட்டுமல்ல, வெளிப்பக்கமாகவும் ஒழுகும். ஆகவே பாயின் வேலையில் பெரும்பகுதி அடிப்பதற்கு முன்பே நடந்துவிடும்.

முதல் வேலை கரி. கைடை எரி அறைப் பக்கத்திலிருந்து ராக்கர் பக்கமாகத் தட்டித்தான் வெளியேற்ற வேண்டும். அப்படித் தட்டும்போது கரி பிடித்த கீழ்முனை முழுத் துளையையும் கடந்து வருகிறது. கரியோடு வந்தால் வழி நெடுகக் கீறிக்கொண்டே வரும். ஆகவே வாயு போகும் வழியான போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றி முதலில் சுரண்ட வேண்டும். தேய்ந்துபோன ரம்பத் தகட்டை வளைத்து, அதற்கென்றே ஒரு சுரண்டி செய்து வைத்திருந்தார். அரைநாள் அந்த ஒரு வேலை போகும். டார்ச் அடித்துப் பார்த்து, வார்ப்பிரும்பின் சாம்பல் நிறம் சுற்றிலும் தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போவார்.

அடுத்தது தட்டும் கட்டை. நாங்கள் டிரிஃப்ட் என்போம். பித்தளைக் கம்பியில் இரண்டு படியாகக் கடைந்தது. மெல்லிய படி கைடின் உட்துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், தடித்த படி கைடின் முகத்தில் பதியும். தடித்த படியின் குறுக்களவு கைடின் வெளி அளவைவிடச் சற்றுக் குறைவு. இல்லாவிட்டால் கைடு உள்ளே போகப் போகக் கட்டையும் துளையில் உரசும். கட்டை சாய்ந்தால் கைடும் சாயும். சாய்ந்த கைடு அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வரும்.

இந்தக் கட்டையைக் கடைந்து கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கூரை போட்டு, பெல்ட் ஓடும் பழைய லேத் ஒன்றை வைத்திருந்தார். பேக்கரி யோசனையே அவருடையதுதான். ரயில் சக்கரத்தின் வெளி வளையத்தைச் சுட்டு விரியவைத்து நடுச் சக்கரத்தின்மேல் ஏற்றுவதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவர் அவர். வளையம் ஆறியதும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றியதும் இதே கணக்கில்தான்: வறட்டி அடுக்கிக் கொளுத்திப் பட்டையைப் பழுக்கவைத்து, ஏற்றி, தண்ணீர் ஊற்றுவார்கள். “இரும்பு ஏறுறதும் எறங்குறதும் நெருப்பாலதான். சுத்தியல் சும்மா வழி காட்டத்தான்” என்பார் அவர்.

புல்லட்டின் ஹெட்டில் கணக்கு இன்னும் சாதகம். ஏனென்றால் வெளியே அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கைடு என்று வைத்துக்கொள்வோம். ஹெட்டின் சூடு 150 டிகிரி ஏறினால் துளை சுமார் 0.05 மில்லிமீட்டர் பெரிதாகிறது, கைடு 0.025 அளவுக்கு மட்டுமே பருக்கிறது. பொதுவாகக் கைடை ஏற்றும் இறுக்கம் 0.03-இலிருந்து 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆகவே பிடி முழுக்க விட்டுப்போவதில்லை. பாதிக்கு மேல் தளர்கிறது. அந்தப் பாதி போதும்.

அதையும் அடுப்பில் வைத்தால்தான் சரி. கேஸ் வெல்டிங் நெருப்பை ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் விரிந்து ஹெட் கோணிக்கொள்ளும். சிலிண்டரோடு சேரும் முகம் பிறகு சமமாக உட்காராது. பேக்கரி அடுப்பு நாலு பக்கமும் ஒரே மாதிரிச் சுடும். அரைமணி, முக்கால் மணி உள்ளே கிடந்தால் சூடு ஹெட்டின் நடுவரை இறங்கிவிடும். போதுமான சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க, பாய் விரலைத் தண்ணீரில் நனைத்துச் சொட்டு தெளிப்பார். சொட்டு விழுந்த இடத்திலேயே நின்று கொதித்து ஆவியானால் இன்னும் நேரம் வேண்டும். விழுந்ததும் சுர்ரென்று மறைந்தால் பதம். முத்துப்போலத் திரண்டு உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, கதவைத் திறந்து வை என்பார். வெப்பமானி இல்லாமல் அவர் பிடித்த எல்லை சரியானதே என்பது எனக்குப் பிறகு பாடப் புத்தகங்களில் தெரிந்தது. சொட்டு உருண்டு ஓடுவது ஏறத்தாழ 200 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு மேல் நெடுநேரம் வைத்தால் பதப்படுத்திய வார்ப்பு அலுமினியம் தன் கடினத்தை இழக்கத் தொடங்கும்.

பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். ஈரச் சாக்கில் பிடித்து ஹெட்டை எடுத்து, பேக்கரி வாசலிலேயே இரண்டு மரக்கட்டைகள்மேல் கவிழ்த்து வைப்போம். நான் பிடித்துக்கொள்ள, பாய் டிரிஃப்டை நுழைத்து அளவாக ஒரு அடி கொடுப்பார். முதல் அடியில் திடமான சத்தம் வரும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சத்தம் மாறும். அடியில் ஏதோ தளர்ந்தது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு தட்டத் தட்ட இறங்கி, கீழே விரித்த துணியில் விழும். சூடு ஆறுவதற்குள் இரண்டு கைடும் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் மறுபடி அடுப்புக்குள்தான். ஆறிய ஹெட்டில் அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

எல்லாப் பட்டறையும் இப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். பச்சை ஹெட்டில், அதாவது சூடே காட்டாத ஹெட்டில், பழைய வால்வையே கட்டையாக வைத்து அடித்த இடங்கள் நிறைய இருந்தன. அந்தக் காலத்தில் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. பால் கேன் கட்டிக்கொண்டு லால்குடியிலிருந்து வருபவர், நெல் மண்டிக்காரர், ஏலத்தில் எடுத்த போலீஸ் வண்டியை ஓட்டும் கான்ட்ராக்டர் எல்லாருக்கும் வண்டி மறுநாள் காலை வேண்டும். பட்டறை வாசலிலேயே நிற்பார்கள். அந்த அவசரத்தில் எத்தனை ஹெட்டுகள் காயம்பட்டன என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காயங்களை இப்போது நான் பார்க்கிறேன்.

ஆனாலும் அன்று துளையைக் காப்பாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் ஒன்று இருந்தது. புது ஹெட் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. வண்டி நம் ஊரில் செய்ததுதான். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள், பிறகு முழுவதையும் இங்கேயே வார்த்துக் கடைந்தார்கள். 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. இங்கே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. என்று அதே இன்ஜின், இரும்புச் சிலிண்டரும் அலுமினிய ஹெட்டுமாக, பெரிய மாறுதலில்லாமல் இன்னும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளில் வரைந்த ஹெட்டின் அளவு எண்பதுகளின் ஹெட்டுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். அதனால்தான் ஒரு பாய்க்கும் ஒரு ரிட்டயர்டு டர்னருக்கும் அந்த ஒரே ஹெட்டை வாழ்நாள் முழுக்கப் படித்து முடிக்க முடிந்தது.

கைடு கடையில் கிடைக்காத மாதங்களில் டர்னரே வார்ப்பிரும்புக் கம்பியில் கடைந்து கொடுப்பார். துளை கொஞ்சம் பெரிதாகியிருந்தால் அதற்கேற்ப வெளி அளவைக் கூட்டிக் கடைவார். சிலர் பாஸ்பர் பிரான்ஸில் கேட்பார்கள். வெண்கலம் தண்டோடு இணக்கமாக ஓடும். ஆனால் வார்ப்பிரும்பைவிடச் சூட்டில் அதிகம் பருக்கும், தண்டுக்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். விடாமல் பொருத்தினால் நடு ரோட்டில் வால்வு சிக்கிக்கொள்ளும். இதை ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கிவிட்டுத்தான் டர்னர் லேத்தை ஓட்டுவார்.

இப்போது பாயும் இல்லை, டர்னரும் இல்லை. பேக்கரி இருக்கிறது, அடுப்பு மின்சாரத்துக்கு மாறிவிட்டது. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். பழைய புல்லட் ஹெட்டுகள் என்னைத் தேடி வருகின்றன. கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். தாத்தாவின் வண்டி, பெரியப்பாவின் வண்டி. அவர்கள் தினமும் ஆபீஸ் போவது வேறு வண்டியில். இது ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு வரை போய்வரும் வண்டி. மாதக்கணக்கில் என் ஷெட்டில் கிடந்தாலும் யாருக்கும் சிரமமில்லை.

என் தங்கை மகன் அப்படித்தான் தன் அப்பா வழித் தாத்தாவின் வண்டியோடு வந்தான். எழுபதுகளின் வண்டி. நீலப் புகை, ஹெட்டுக்குள் கடகடவென்று சத்தம், டிகம்ப்ரஷன் லீவரைத் தொடாமலே கிக்கர் லேசாக இறங்கியது. ஹெட்டைக் கழற்றி வால்வைத் தூக்கி ஆட்டியதுமே இரண்டு கைடும் போய்விட்டது தெரிந்தது.

“மாமா, ஹெட் அசெம்பிளியே புதுசா ஆன்லைன்ல வருது. நாளைக்கே வந்துரும். எதுக்கு இவ்வளவு கஷ்டம்?”

கேள்வியில் தப்பில்லை. அன்று எங்களுக்குக் கிடைக்காத எல்லாமே இன்று கூரியரில் வருகிறது. படி வைத்த டிரிஃப்ட் வாங்கலாம், வெளி அளவு கூடிய கைடு பிளாஸ்டிக் பையில் வரும், சின்ன ஹைட்ராலிக் பிரஸ் ஷெட்டிலேயே நிற்கிறது, துப்பாக்கி வடிவ வெப்பமானி சில நூறு ரூபாய்தான். கம்பெனியின் பட்டறைக் கையேட்டைப் போனில் படிக்கலாம். ஹெட்டைச் சூடாக்கிக் கைடை எடு என்ற விதி பழைய கையேடுகளிலேயே அச்சாகி இருந்தது; பாலக்கரையில் எந்தப் பட்டறையிலும் அந்தக் கையேடு இருந்ததில்லை. வண்டி தினமும் உழைத்த காலத்தில் எட்டாத கருவிகள், வண்டி ஓய்ந்து காட்சிப் பொருளான காலத்தில் கைக்கு வந்திருக்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த பிரஸ்ஸை பாயிடம் காட்டியிருந்தால் அவர் முகம் எப்படி மலர்ந்திருக்கும்!

அவனிடம் சொன்னேன்: “புது ஹெட் வாங்கலாம்டா. ஆனா இது உங்க தாத்தாவோட வண்டிக்கு வார்த்த ஹெட். இதுல விரிசல் இல்ல, பிளக் மரை நல்லா இருக்கு, முகம் கோணல. கெட்டது ரெண்டு குழாய்தான். அதுக்காக இதைத் தூக்கிப் போடக் கூடாது.”

சூடாக்கும்போது அவனே வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்தான். சிவப்புப் புள்ளி பளபளப்பான அலுமினியத்தின்மேல் விழுந்தது. எண் 70-ஐத் தாண்டவில்லை. அடுப்பின் அளவை அவன் ஏற்றப் போனபோது நிறுத்தினேன். பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டை வெளிவிடுவது மிகக் குறைவு, சுற்றியுள்ளதைத்தான் பிரதிபலிக்கும். ஆகவே அந்தக் கருவி உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றினால் ஹெட் பாழாகும். விரலை நனைத்துச் சொட்டு தெளித்தேன். சுர்ரென்று மறைந்தது. ஏற்கெனவே பதம் வந்துவிட்டது. பிறகு ஃபின் ஒன்றில் சூடு தாங்கும் மங்கலான கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் தடவி, காய்ந்த பிறகு அந்த இடத்தில் துப்பாக்கியைக் காட்டினோம். இப்போது எண் சொட்டோடு ஒத்துப்போனது. அவன் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டான். கருவி இருந்தால் போதாது, அது எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைந்து வருவதுதான் என் கவலை.

இன்லெட் கைடு முதல் சூட்டிலேயே வந்துவிட்டது. எக்ஸாஸ்ட் அசையவில்லை. பிரஸ்ஸில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் நிறுத்தி, ஆறவிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கீழ்முனை உப்பியிருந்தது. என்றோ யாரோ சூடில்லாமல் அடித்திருக்கிறார்கள். அடித்த அடியில் கைடு வெளியே வருவதற்குப் பதில் முனை நசுங்கிப் பருத்துவிட்டது. அந்தப் பருமனை அப்படியே துளைக்குள் இழுத்தால் துளை கிழியும். சின்னக் கல் வைத்து உப்பலைத் தேய்த்து எடுத்தோம். அதன் பிறகும் அசையவில்லை.

இந்த மாதிரிக் கைடுக்குக் கடைசி வழி ஒன்று உண்டு. உட்துளையை டிரில்லால் பெரிதாக்கிக்கொண்டே போவது. நாலு பக்கமும் மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சும்வரை துளைத்தால், உள்ளிருந்து வெளியே அழுத்திக்கொண்டிருந்த பலம் போய்விடும். மெல்லிய சுவருக்குப் பிடிக்கத் தெம்பு இருக்காது. ஆனால் டிரில் ஓரமாக விலகினால் அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆகவே ஹெட்டை மேஜையில் இறுகப் பூட்டி, தேயாமல் இருந்த நடுப்பகுதியை வைத்து மையம் பார்த்து, ஒரே தடவையில் ஆசைப்படாமல், சின்ன டிரில்லிலிருந்து பெரியதற்குப் படிப்படியாகப் போனோம். அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். வார்ப்பிரும்புத் தூள் கறுப்பாக, மாவாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளைத் துகள் ஒன்று தென்பட்டாலும் அலுமினியத்தைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். தென்படவில்லை. மறுபடி அடுப்பு, மறுபடி சொட்டு. இந்தத் தடவை பிரஸ் தேவைப்படவில்லை. டிரிஃப்டில் இரண்டு தட்டு, மிஞ்சிய சுவர் சுருண்டு வெளியே வந்தது.

வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் அத்தனை அடத்துக்கும் காரணம் புரிந்தது. கைடின் வெளிப்பக்கம் முழுக்கப் பஞ்ச் வைத்துக் குத்திய புள்ளிகள். முன்பொரு தடவை துளை பெரிதாகி, சரியான அளவில் கைடு கிடைக்காமல், சாதாரணக் கைடின்மேல் புள்ளி குத்தி உப்பவைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் அலுமினியத்தில் பல்லாகப் பதிந்திருந்தது. அதைச் செய்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் நின்ற வண்டிக்காரருக்கு மறுநாள் வண்டி வேண்டியிருந்திருக்கும், அளவு கூடிய கைடு சென்னைப் புதுப்பேட்டையில் தேடினாலும் அன்றைக்குக் கிடைத்திருக்காது. அந்த ஒட்டு வேலையில் ஒரு குடும்பம் பல வருஷம் ஓடியிருக்கிறது. ஆனால் துளையில் கீறல்கள் இருந்தன. இனி அதைச் சுத்தமாக ரீமர் ஓட்டிச் சற்றுப் பெரிதாக்கி, அந்த அளவுக்கு ஒரு கைடு செய்தாக வேண்டும். கடையில் வரும் கூடுதல் அளவுகள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

இங்கேதான் இன்றைய காலம் கையைக் கட்டிப்போடுகிறது. துவாக்குடி தொழிற்பேட்டையில் மைக்ரான் கணக்கில் கடையும் சி.என்.சி. இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரே ஒரு பீஸுக்கு புரோகிராம் போட்டு இயந்திரத்தை நிறுத்தி மாற்றினால் கட்டாது என்றார்கள். அவர்கள் கணக்கில் அது நியாயம். திண்ணை லேத்தில் ஒரு பீஸும் நூறு பீஸும் ஒன்றுதான்; டர்னர் ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் துளைக்கென்றே கடைந்து, பொருத்திப் பார்த்து, மறுபடி ஒரு தூள் எடுப்பார். கடைசியில் நான் பாடம் எடுத்த நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த டர்னர் ஆசிரியர் தன் வீட்டு லேத்தில் கடைந்து தந்தார். அவருக்கும் எழுபதை நெருங்குகிறது. தங்கை மகனை அழைத்துக்கொண்டு போனேன். மைக்ரோமீட்டரை அவன் கையில் கொடுத்து, துளையை மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொன்னார். ஆறு அளவும் ஒத்துப்போன பிறகே கம்பியைச் சக்கில் மாட்டினார்.

ஏற்றும்போது புதுக் கைடை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்திருந்தோம். இது அன்று எங்களுக்கு வாய்க்காத வசதி. பாலக்கரையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து சுற்றி வைப்போம். ஹெட் சூட்டில் விரிந்திருக்க, கைடு குளிரில் சுருங்கியிருக்க, கையால் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டியதும் போய் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அதை அசைக்க யாராலும் முடியாது.

இதோடு முடியவில்லை. புதுக் கைடின் மையமும் பழைய சீட்டின் மையமும் ஒன்றாக இருக்காது. கைடை மையமாக வைத்து சீட்டை மறுபடி வெட்ட வேண்டும், பிறகு பேஸ்ட் வைத்து வால்வை உருட்டி உட்கார வைக்க வேண்டும். சீட்டைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. 2000 பிப்ரவரிக்குப் பிறகு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அது நம் குழந்தைகளின் மூச்சுக்கு நல்லது, மறு பேச்சே இல்லை. ஆனால் அந்த ஈயத்தின் படிவுதான் பழைய இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் சீட்டைத் தேயாமல் காத்தது. சீட் மென்மையாக இருந்தால் கடினமான உலோகத்தில் புதிது வைத்துவிடுவது நல்லது. இந்த ஹெட்டில் சீட் ஆழமாக இறங்கியிருக்கவில்லை. வெட்டினால் போதும் என்று முடிவு செய்தோம்.

தங்கை மகன் இப்போது சனிக்கிழமைகளில் ஷெட்டுக்கு வருகிறான். அவன் நண்பன் ஒருவன் தன் வண்டியின் ஹெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன வாரம் வந்தான். கைடு வரவில்லை என்று அவனே வீட்டில் அடித்துப் பார்த்திருக்கிறான். கீழ்முனை உப்பிவிட்டது, நல்லவேளை, நிறுத்திவிட்டான். நான் எழுந்து வருவதற்குள் தங்கை மகன் ஹெட்டை வாங்கி, போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“முதல்ல கரிய எடுக்கணும்டா,” என்றான் அவனிடம். “அப்புறம் இந்த உப்பல். சுத்தியலை உள்ள வை.”